முன்னூறு ராஜ முகங்கள்

ஊர்ப் பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு நாடு, அதை ஆண்ட ராஜா பேர் அழகாபரணன். ஆபரணம் நிறைய இருந்தது. அழகைப் பற்றி அரண்மனையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பிரதானி வீழிநாதரைத் தவிர. ராஜாவின் தேனூறும் கன்னத்தை இருபது வருஷமாகப் பாடியே வயிறு வளர்த்தவர் அவர்.

ஒரு நாள் ராஜா, அரண்மனைக்குப் பரங்கிக்காய் தரும் தோட்டக்காரி வெள்ளச்சியைச் சபைக்கே கூப்பிட்டு, “உன் காயில் வைத்த கூட்டுக்கு ஈடே இல்லை!” என்றார். பிரதானிக்கு வயிறு பற்றி எரிந்தது. அவர் பாட்டை ராஜா ஒரு தடவைகூட இப்படிப் புகழ்ந்ததில்லை.

“மகாராஜா, தங்கள் பிறந்தநாளுக்கு இவள் தோட்டத்துக் காய் முழுவதிலும் தங்கள் திருமுகத்தை எழுதித் தெருவெல்லாம் அலங்கரிப்போம். திருமுகத்தில் கத்தி வைப்பவன் கையை வெட்டுவோம்.”

“பேஷ்! மீசை கொஞ்சம் பெரிசாகவே இருக்கட்டும்” என்றார் ராஜா.

பிரதானியின் ஆட்கள் தோட்டத்தில் இறங்கிக் காய்களைத் திருகிப் பிடுங்கினார்கள்.

“ஐயா, காம்போட அறுக்கணும், பிடுங்கினா கெட்டுப்போயிடும்” என்று வெள்ளச்சி கத்தினாள்.

“காம்பு இருந்தால் ராஜாவுக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். பிடுங்குங்கடா!” என்றார் பிரதானி.

அரண்மனை வாசலில் தொங்கவிட ஒரே ஒரு காயை மட்டும், கயிறு கட்டக் காம்பு வேண்டும் என்று சொல்லி, அவள் தன் கையால் அறுத்துக் கொடுத்தாள்.

விழா முடிந்தது. ராஜாவின் இலையில் கூட்டு இல்லை. பிரதானி குனிந்து, “காய் கொடுக்க மாட்டேன் என்கிறாள், மகாராஜா. தோட்டத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள்” என்றார்.

சேதி கேட்டு வெள்ளச்சி அரண்மனைக்கு ஓடி வந்தாள். அந்தத் தோட்டத்தை விட்டால் அவளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை. எழுதிய காயை நறுக்கினால் கை போகும், நறுக்காவிட்டால் தோட்டம் போகும்.

“பத்து நாள் பொறுங்க ராஜா” என்றாள்.

பத்தாம் நாள் ராஜவீதியில் முன்னூறு திருமுகங்களுக்கும் மூக்கு ஒழுகியது. மீசையில் ஈ மொய்த்தது. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே கும்பிட்டார்கள்.

வெள்ளச்சி சபைக்கு ஓடினாள். “ராஜா, உங்க முகம் அழுகிப்போச்சு!”

ராஜா கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார். நாற்றம் முகத்தில் அறைந்தது. “யார் செய்த வேலை இது?”

“இவள் விளைச்சலே சொத்தை!” என்றார் பிரதானி.

“வாசல்ல தொங்குறதும் அதே கொடிதான், அதே நாள் பறிச்சதுதான். நான் காம்போட அறுத்தேன். தட்டிப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கும். மத்ததையெல்லாம் பிடுங்கச் சொன்னவர் இவரு.”

ராஜா தன் முகத்தைத் தானே தட்டிப் பார்த்தார். டொக்கென்றது. பிரதானி பக்கம் திரும்பினார். “என் முன்னூறு முகத்தைக் கெடுத்தவன் நீயா? நீட்டு கையை!”

வீழிநாதர் காலில் விழுந்தார். “மகாராஜா, அது வெறும் பரங்கிக்காய்தானே!”

“கேட்டுக்கிட்டீங்களா ராஜா?” என்றாள் வெள்ளச்சி. “வெறும் பரங்கிக்காய்னா நறுக்கலாம்ல?”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார். தோட்டம் என்றைக்கும் வெள்ளச்சிக்கே என்றார். முன்னூறு முகத்தையும் கையால் அள்ளி அவள் தோட்டத்துக்கு உரமாகக் கொட்டும் வேலை பிரதானிக்கு. அள்ளும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கும்பிடு.

மதியம் வாசல் காய் கூட்டானது.

“மீசைப் பக்கம் வேண்டாம், கன்னத்தைப் போடு” என்ற ராஜா, ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடினார்.

“பாவம் வீழிநாதன், இருபது வருஷமாக உண்மையைத்தான் பாடியிருக்கிறான். நான் தித்திப்புத்தான்!”