முந்திக்கொண்ட தீர்ப்பு

பஞ்சு மில்லின் மதிய வெயிலில் தூசி பனிபோல மிதந்தது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக விசாரணைக்கு நின்ற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தெய்வானைக்கு எல்லாம் கனவில் நடப்பதுபோலிருந்தது. முதலாளிமார் விசாரணை எப்போதும் தாலாட்டாகத்தான் தொடங்கும்.

"நான் இன்னும் முடிவே எடுக்கலைம்மா," என்றார் மேனேஜர் சிங்காரவேலன். "அஞ்சு மணி வரைக்கும் உன் பேச்சைக் கேட்டுட்டுத்தான் தீர்ப்பு. முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்னு நிரூபிச்சுடு பார்ப்போம். இதோ நிக்கிற உங்க சங்கச் செயலாளர் சாட்சி, நிரூபிச்சா வேலை உனக்கே."

அவர் மேசைக் கணினியில் தெய்வானை ஒரு சின்னக் கட்டளையைத் தட்டினாள். இயந்திரம் தானாகச் செய்யவிருக்கும் வேலைகளை நேரத்தோடு காட்டும் கட்டளை அது. வெள்ளை எழுத்துகள் மெல்ல மேலெழுந்தன. கடைசி வரியில், 'நாலு மணி: தெய்வானையின் மில் நுழைவு அட்டை ரத்து' என்றிருந்தது.

சங்கச் செயலாளர் அதை உரக்கப் படித்தார்.

"சீக்கிரம் விசாரிங்க சார்," என்றாள் தெய்வானை. "நீங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும் இது காத்திருக்காது."

மேனேஜர் அந்த ரத்து உத்தரவைத் தன் கையாலேயே அழித்தார்.