உப்புப் பாயசம் குடித்த அரசவை

முன்னொரு காலத்திலே வேங்கைநாடு என்றொரு நாடு இருந்தது. அதை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனசு. ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடக்க வேண்டும். யானை நடந்து நடந்து களைத்துவிட்டதே என்று அதற்கொரு பல்லக்கு செய்யச் சொன்னவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு மந்திரி பூவராகர். இருவரும் சின்ன வயதில் ஒன்றாகக் கோலி ஆடியவர்கள். சபையில் "அரசே" என்பார் மந்திரி; தனியே இருக்கும்போதும் அப்படித்தான் அழைப்பார், ஆனால் குரல் வேறாக இருக்கும்.

அந்த வருஷம் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. தாமரையேரி சில காலமாக வறண்டு கிடந்தது. அதன் நட்டநடுவே புது அரண்மனை கட்ட வேண்டும்.

"ஏரி காய்ந்துதான் கிடக்கிறது அரசே, செத்துப்போகவில்லை" என்றார் பூவராகர்.

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. இதற்கென்றே காத்திருந்தவர் போல எழுந்தார் பிரதானி கனகசபை. மந்திரி ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"இந்திரனுக்கே தோன்றாத யோசனை. மந்திரிக்கு வயதாகிவிட்டது, ஈரம் என்றாலே பயம்" என்றார். சபை சிரித்தது. அஸ்திவாரத்துக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்குள் ராஜா வேட்டைக்குப் போனார். போன வழியில் குன்றநாட்டுக் கோட்டை பாழாய்க் கிடந்தது. தாத்தா காலத்தில் வேங்கைநாட்டைவிடப் பெரிய ராஜ்ஜியம் அது. மதிலில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. நெற்களஞ்சியங்கள் இடியாமல் நின்றன. ஆனால் உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ராஜாவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் கேட்டார். "இவ்வளவு பலமான ராஜ்ஜியம் எப்படி விழுந்தது? நமக்கும் அந்தக் கதி வருமா?"

கிரக தோஷம் என்றார் ஜோதிடர். யானைப்படை போதவில்லை என்றார் சேனாதிபதி. "தங்களைப் போல ஒரு ராஜா அவர்களுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்" என்றார் கனகசபை. பிறகு மந்திரியைப் பார்த்து, "பூவராகர் வாயே திறக்கவில்லையே. விடை தெரியாதவருக்கு அந்த ஆசனம் எதற்கு?" என்றார்.

ராஜாவுக்கும் கோபம் ஆறியிருக்கவில்லை. "நியாயம்தான். நாளைக்குள் விடை சொல்லும், பூவராகரே. இல்லையென்றால் ஆசனம் கனகசபைக்கு."

"சொல்கிறேன் அரசே. நாளை எல்லோருக்கும் ஒரு விருந்து மட்டும் வையுங்கள்."

மறுநாள் விருந்துக்குச் சற்று முன்னால் மந்திரி ராஜாவின் காதருகே குனிந்தார். "பாயசம் எப்படி இருந்தாலும் அருமை என்று சொல்லுங்கள். எனக்காக." ராஜா சரி என்று தலையாட்டினார்.

இலையில் பாயசம் விழுந்தது. ராஜா ஒரு வாய் வைத்தார். சர்க்கரைக்குப் பதிலாக உப்பு. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் பழைய சிநேகிதனுக்குக் கொடுத்த வாக்கு. "அருமை" என்றார்.

"அமிர்தம்" என்றார் ஜோதிடர். சேனாதிபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். கனகசபையோ, "இன்னும் கொஞ்சம் ஊற்றப்பா" என்று பரிமாறுகிறவனிடம் இலையைக் காட்டினார். மறுபடியும் வாங்கினார். நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து ராணி செண்பகவல்லி வந்தாள். ஒரு துளி நாக்கில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இது உப்பு. இதையா அருமை என்கிறீர்கள்? நாக்குக்கு என்ன ஆயிற்று, வைத்தியரைக் கூப்பிடட்டுமா?" என்று ராஜாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ராஜா மெல்லத் திரும்பினார். "கனகசபை, உமக்கு உப்பு தெரியவில்லையா?"

"அரசரின் நாக்குதான் என் நாக்கு" என்றார் கனகசபை, தண்ணீரைத் தேடிக்கொண்டே.

அப்போது பூவராகர் எழுந்தார். "அரசே, குன்றநாடு இப்படித்தான் விழுந்தது. அந்த ஊர்க் கிழவர்களை விசாரித்தேன். பகைவர் படை வருவது சந்தையில் தெரிந்திருக்கிறது, சலவைத்துறையில் தெரிந்திருக்கிறது. அரண்மனையில் மட்டும் தெரியவில்லை. ராஜா நாட்டியம் பார்த்துக்கொண்டிருந்தாராம், குறுக்கே போய்ச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. மதில் உயரமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தச் சொல்லத்தான் ஆள் இல்லை."

ராஜா இலையைத் தள்ளி வைத்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "கனகசபை, இப்போது பயப்படாமல் சொல்லும். ஏரியில் அரண்மனை கட்டலாமா?"

கனகசபை தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டாம் அரசே. நான் பிறந்த வீடு அந்த ஏரிக்கரையில்தான் இருந்தது. ஒரு மழையில் போய்விட்டது. என் தங்கையும் போய்விட்டாள்."

"தெரிந்துமா கட்டச் சொன்னீர்?"

"தங்கள் முகம் வாடுமே என்றுதான்."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. என் முகவாட்டத்துக்கு இவ்வளவு விலையா என்று நினைத்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். ஆசனம் அவருடையதாகவே இருந்தது. கனகசபையை விலக்கிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பூவராகர்தான் தடுத்தார்: "உண்மை தெரிந்த மனிதர் அரசே. சொல்லப் பழக்கினால் போதும்."

"அப்படியானால் தண்டனை இதுதான்" என்றார் ராஜா. "தினமும் எனக்குப் பிடிக்காத ஒரு நிஜத்தைச் சபை நடுவே நீர் சொல்ல வேண்டும்."

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தாமரையேரி கரை ததும்பி நின்றது. ராஜா சபையோடு கரைக்குப் போனார். நிறைந்த தண்ணீரைக் கண்டதும் உள்ளம் குளிர்ந்து உரக்கப் பாட ஆரம்பித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கனகசபை கண்ணை இறுக மூடிக்கொண்டார். "அரசே, சுருதி சேரவே இல்லை" என்றார்.

பாட்டு நின்றது. ராஜா மந்திரியைப் பார்த்தார். "நிஜமா?"

"நிஜம்தான் அரசே" என்றார் பூவராகர். "இத்தனை வருஷமாக எனக்கே சொல்லத் துணிவு வரவில்லை."

ராஜா சிரித்துவிட்டார். கனகசபையின் தோளில் கை போட்டுக்கொண்டு கரையோடு நடந்தார். வேங்கைநாடு அதற்கப்புறமும் வெகுகாலம் நன்றாக இருந்தது. அந்த ராஜா மட்டும் பாடவே இல்லை.