உள்ளங்கைக்குக் கீழே ஒரு வார்த்தை

தென்காசி ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வந்த குணசீலன் சார், கதைப்புத்தகப் பக்கத்தை உள்ளங்கையால் மூடி, ஒரே ஒரு வார்த்தையை மட்டும் சேலைப் பிரிவு எஸ்தருக்குக் காட்டினார். முதலாளியும் பக்கத்தில் நின்றார்.

"அர்த்தம் சொல்லு. தெரியலேன்னா நாளையிலேருந்து உனக்குக் குடோன்லதான் வேலை" என்று மிரட்டினார் சார்.

ஃபிரஜைல். அது மனுஷனா, மாடா, தின்கிற சாமானா? எஸ்தருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கவுண்டரில் மடித்துக் கிடந்த பட்டுச்சேலையை எடுத்து, கரையில் விரலளவு மட்டும் தெரியும்படி கையால் மூடினாள்.

"சார், இந்தச் சேலைக்கு முந்தானை என்ன கலரு?"

"என்னம்மா கேள்வி இது? கையை எடுத்து விரிச்சாத்தானே தெரியும்!"

"நானும் அதைத்தான் சார் கேக்கேன். உங்க கையையும் எடுங்க."

சார் திருதிருவென்று விழித்தபடி கையை எடுத்தார். கண்ணாடி வளையல்களைப் பஞ்சில் பொதிந்து பஸ் ஏறிய ஒருத்தியின் கதை அது. எஸ்தர் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"லேசாப் பட்டாலே உடையுறது, சார்."

முதலாளி சிரித்துவிட்டார். "அந்தப் பிள்ளை இங்கேயே சேலையை விரிக்கட்டும். நீங்க புத்தகத்தை விரிங்க."