கருங்காலி முளைகள்

இளநாகன் கொதித்துப்போய் மடத்துக்குள் நுழைந்தான். பூகம்பத்தில் தரைமட்டமான கோட்டாறை நகரத்தைத் திரும்பக் கட்டும் பொறுப்பை அரசர் அவனிடம்தான் ஒப்படைத்திருந்தார்.

குரு வெள்ளியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நன்றி கெட்ட ஜனங்கள், அம்மா."

"என்ன செய்தார்கள்?"

"மாதக்கணக்காகத் தூக்கத்தைத் தொலைத்துத் திட்டம் போட்டேன். தேரோடும் அகலத்துக்குத் தெரு, தாமரைக் குளம், பூங்கா. எல்லாம் அளந்து, முளை அடித்து, நூல் கட்டினேன். விடிந்து பார்த்தால் முளையைக் காணோம். மறுபடி அடித்தேன். மறுபடி பிடுங்கிவிட்டார்கள்."

"எதற்காம்?"

"கொழுப்பு, வேறென்ன? நாளைக்குக் காவலர்களோடு போய்ப் பிடுங்கினவன் கையை முறிக்கப்போகிறேன். குறுக்கே நிற்காதீர்கள்."

அவள் குறுக்கே நிற்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு எதற்கு? இப்போதே போவோம், வா."

வழியெல்லாம் மழை. இடிந்த சுவர்களுக்கு நடுவே பழம்புடவைகளையும் பாய்களையும் கட்டி ஜனங்கள் ஒண்டிக்கிடந்தார்கள். முதல் கூரைக்கடியில் பச்சைக் குழந்தையோடு ஒரு பெண். கூரையின் நாலு முனையும் நாலு கருங்காலி முளைகளில் கட்டியிருந்தது. முளையின் தலையில் அவன் பூசிய சிவப்பு அப்படியே இருந்தது.

"பார்த்தீர்களா, அம்மா? என் முளை!"

அந்தப் பெண் முளையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஐயா, மூங்கில் நட்டுப் பார்த்தோம். இந்த இடிபாட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. இது ஒன்றுதான் நிற்கிறது. மழைக்காலம் போனதும் தந்துவிடுகிறோம்."

"அதுவரை நான் வேடிக்கை பார்க்கவா? தெரு நேராக வர வேண்டாமா?"

அவன் அவள் கையைத் தள்ளிவிட்டு முளையை அசைத்தான். கூரை சரிந்தது. தேங்கியிருந்த தண்ணீர் குழந்தைமேல் கொட்டியது. அது வீறிட்டு அழுதது. அவள் புடவைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டாள். சரிந்த முனையை மறு கையால் தூக்கிப் பிடித்தாள்.

அதுவும் அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. குருவிடம் திரும்பினான்.

"நீங்களே சொல்லுங்கள். நகரத்துக்காக அடித்த முளை இல்லையா இது? இவர்கள் எடுக்கலாமா?"

வெள்ளியம்மையின் உதடு துடித்தது. அவள் கோபப்பட்டு அதுவரை அவன் பார்த்ததே இல்லை.

"நிலம் நடுங்கின நாளிலிருந்து உன்னிடமிருந்து இந்த ஊருக்கு வந்தது இந்தக் குச்சி ஒன்றுதான். அதையும் இவர்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது."