முதலியாருக்குப் பதிலாக ஊசி

பினாங்கில் அரிசி மண்டி வைத்திருந்த கோதண்டராம முதலியாருக்கு ஒருநாள் கழுத்து பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கமும் திருப்ப முடியவில்லை. சீன வைத்தியர் ஆ போங் வந்து ஊசிப் பையை விரித்ததுமே முதலியாருக்கு வியர்த்துவிட்டது. அதை வெளியில் காட்டலாமா? சமையல்காரியைக் கூப்பிட்டார்.

"செங்கமலம், என் உப்பைத்தானே தின்கிறே? எனக்குப் பதிலா நீ குத்திக்கோ. என் கழுத்து சரியாகணும். ஆகலேன்னா நாளைக்கே உன்னை ஊருக்குக் கப்பல் ஏத்திடுவேன்!"

செங்கமலம் ஊசிகளைப் பார்த்து ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும், "ஆகட்டும் முதலாளி" என்று உட்கார்ந்தாள். ஊசி எறும்புக்கடி மாதிரிதான் இருந்தது. பிறகு கோழிச்சாறும் நல்ல ஓய்வும் வேண்டும் என்றார் வைத்தியர். அவர் கொடுத்த ஜின்செங் வேரைப் போட்டு, முதலியார் வீட்டுக் கோழியிலேயே சாறு காய்ச்சிக் குடித்துவிட்டு, முதலியாரின் தேக்குக் கட்டிலில் ஏறிப் படுத்தாள் செங்கமலம்.

"அடியே, அது என் கட்டில்!"

"தெரியும் முதலாளி. உங்களுக்குப் பதிலாத்தானே படுத்திருக்கேன்? நாளைக்கு மண்டியிலயும் உங்களுக்குப் பதிலா நானே உட்கார்ந்துக்கிறேன். நீங்க போய் எனக்குப் பதிலா உலை வையுங்க."

முதலியார் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தியரிடம் கழுத்தைக் கொடுத்தார். ஊசி ஏறிய சற்று நேரத்தில் பிடிப்பு இளகியது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். மண்டி ஆட்கள் அத்தனை பேரும் அவர் முதுகுக்குப் பின்னால், வாசலை அடைத்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.