கனகசபை தலையில் நின்ற பூமி

அருப்புக்கோட்டையில் ஒரு பிசியோதெரபி கிளினிக். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற பேச்சியம்மா வீங்கின முழங்காலை நீட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குள் போகாவிட்டால் நூற்றிருபது பிள்ளைகளுக்கு உலை ஏறாது. வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரே ஆள்தான், கனகசபை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டாகி, யோகா மாஸ்டர் ஆனவர். கழுத்தில் பட்டை போட்டிருந்தார்.

"இங்க எதுக்கும்மா அலையுற? நாப்பத்தெட்டு நாள் எங்கிட்ட வா. முழங்கால் தானா மடங்கும்."

பேச்சியம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. "நெசமாவாண்ணே?"

அவருக்கு அது போதும்.

"கும்பகம்னு ஒண்ணு இருக்கு. மூச்ச இழுத்து உள்ளயே நிறுத்துறது. நான் நிறுத்துனதப் பாத்து, செத்துட்டேன்னு எம்பொண்டாட்டி ஊரையே கூட்டிட்டா. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு உளுந்தவடை சுட்டாங்க பாரு, அந்த வாசத்துலதான் மூச்ச விட்டேன்."

பக்கத்தில் முதுகுவலியோடு லாரி டிரைவர் அந்தோணி. "பதினாறு நாளும் வீட்லயேவா போட்டு வச்சிருந்தாங்க?"

"மொகத்துல அப்பிடியொரு தேஜஸ், தம்பி. எடுக்க யாருக்கும் மனசு வரல."

அடுத்து குண்டலினி வந்தது. "முதுகுத்தண்டுக்குக் கீழ பாம்பு மாதிரி சுருண்டு கெடக்குற சக்தி. மத்தவங்க தட்டித் தட்டி எழுப்பணும். எனக்கு அதுவா எந்திரிச்சு, போலாமாய்யான்னு கேட்டுச்சு. ஒவ்வொரு சக்கரத்துலயும் விசிலடிச்சு, நிறுத்தி நிறுத்தி ஏத்துனேன். உச்சந்தலைக்கு வந்ததும் தெரு டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சு. மூணு நாளைக்குத் தெருவுக்கே எங்கிட்ட இருந்துதான் கரண்ட்டு. கிரைண்டரே ஓடுச்சு."

"வயர எங்க மாட்டுனாங்க?"

"பொம்பளைங்க இருக்காங்க, தம்பி. கேக்காத."

கிரைண்டர் ஓடின இடத்தில் பேச்சியம்மாவின் ஆசை இறங்கிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால்.

"இதெல்லாம் நான் வெளிய சொல்றதில்ல," என்றார் கனகசபை. "அகங்காரத்த அழிச்சுட்டேன். இந்த ஜில்லாவுல அடக்கத்துல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

"அப்ப கழுத்துல எதுக்குண்ணே பட்டை?" என்றாள் பேச்சியம்மா.

"சிரசாசனம். ஏழு நாள் தலைகீழா நின்னேன். மேல் எது கீழ் எதுங்கிற பேதமே போயிருச்சு. அப்புறம் பூமி மேல நான் நிக்கல, பூமிதான் என் தலை மேல நின்னுச்சு. மலை, கடல், தம்பியோட லாரி, எல்லாத்தையும் இந்தக் கழுத்துதான் தாங்குச்சு. கடைசி நாள் மூக்குல ஒரு ஈ உக்காந்துச்சு. லேசா சாஞ்சுட்டேன்."

"என்னைக்கு?"

"போன செவ்வாக்கெழம. பதினோரு மணி இருக்கும்."

பேச்சியம்மா அவரையே பார்த்தாள். "அன்னைக்குத்தான் சோத்துப்பானையத் தூக்கிட்டு நின்னேன். தரை ஒரு பக்கமா சாஞ்சுது. விழுந்ததுல முழங்கால் போச்சு. தண்ணி கெடந்து வழுக்கிருச்சுன்னுல்ல நெனச்சேன். நீங்கதானா அது?"

முழங்கால் தேய்ந்து மூன்று வருஷம் ஆகிறதை அவள் சொல்லவில்லை.

கனகசபை வாயைத் திறந்தார். இல்லை என்று சொன்னால் பூமியை இறக்கி வைக்க வேண்டும். "அந்தப் பக்கம் அவ்வளவா சாயலையேம்மா," என்றார்.

"சாஞ்சுது சார்," என்றான் அந்தோணி. "எந்த லாரியத் தாங்குனீங்களோ, அது அன்னைக்குத்தான் பள்ளத்துல எறங்குச்சு. என் முதுகுவலியும் உங்க கணக்குதான்."

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "கனகசபை சார், வாங்க."

பேச்சியம்மா பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். "அண்ணன் எடத்துல நான் வாரேம்மா. அவர் குடுத்த வலிதான், அவரே எடம் குடுத்துட்டாரு."

கனகசபை கையைத் தூக்கி என்னவோ சொல்லப் பார்த்தார். அவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"ஆடாம உக்காருங்கண்ணே. உள்ள என் முழங்கால மடக்குறப்ப பூமி அசையக் கூடாது."