திரையில் உடைந்த அலை

பெர்க்மான்ஸுக்குக் குருவாக வாய்த்தவர் வயதில் அவரைவிட இளையவர். பேராசிரியர் உமையாள் தன் மாணவரை 'சார்' என்று கூப்பிடுவதும், பதினெட்டு வருடம் கப்பலில் இன்ஜினோடு மல்லுக்கட்டிய அந்த மாணவர் அவர் அறைக்குள் கையைக் கட்டிக்கொண்டு நுழைவதும் துறையில் எல்லோருக்கும் நல்ல வேடிக்கை.

அன்று யாரும் சிரிக்கவில்லை. மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு போகாவிட்டால் பெர்க்மான்ஸின் பதிவு ரத்து. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கடைசித் தவணை அது. கப்பல் வேலையை விட்டதற்கே மனைவி பிலோமினா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முன்பெல்லாம் அவர் மேல்தளத்தில் நின்று போன் செய்தால், அவர் குரலுக்கு முன்னால் கடல் இரைச்சலைக் கேட்டே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று உமையாளிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது வெறுங்கையோடு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

அவர் கம்ப்யூட்டருக்குள் ஓர் அலையை உண்டாக்கியிருந்தார். கடலலை சுருண்டு விழும்போது எவ்வளவு காற்றை இழுத்துக்கொள்கிறது, அது என்னென்ன அளவில் குமிழிகளாகிறது என்று கணக்குப் போட்டே காட்டும் அலை. மாதக்கணக்காகப் பாதியிலேயே படுத்துக்கொண்டிருந்தது. போன வாரம்தான் முதல் தடவையாக முழுதும் உடைந்து அடங்கியது.

நாலு மணிக்கு அதை ஓட்டிக் காட்டினார். திரையில் அலை எழுந்து, வளைந்து, நுரையாக விழுந்தது. அழகு என்றால் அப்படியோர் அழகு.

"திடீர்னு எப்படி ஓடுச்சு சார்?" என்றார் உமையாள்.

பெர்க்மான்ஸ் மறைக்கவில்லை. பொடிக்குமிழிகள்தான் தொல்லை. அவை பிறந்தாலே கணக்கு திணறி நின்றுவிடுகிறது. அதனால் ஓர் அளவுக்குக் கீழே எது பிறந்தாலும் அந்தக் கணமே அழித்துவிடும்படி ஒரு வரி சேர்த்திருந்தார். ஆய்வேட்டில் அதைக் குறிப்பிட்டும் இருந்தார். விதிப்படி தப்பில்லை.

"மொத்தக் காத்துல அதுங்க பங்கு ரொம்பக் கம்மி மேடம். படத்துல கண்ணுக்கே தெரியாது. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

ஒவ்வொரு குமிழியும் பிறக்கும்போது ஒரு சத்தம் போடும். பெரியது தடித்த குரலில், சின்னது மெல்லிய குரலில். உமையாள் அந்த அலையில் மிஞ்சிய குமிழிகளின் அளவுகளையெல்லாம் எடுத்துத் தன்னிடமிருந்த ஒரு புரோகிராமில் போட்டார். பிறகு திரையை அணைத்துவிட்டு ஸ்பீக்கரைத் திருகினார்.

பொத், பொத்தென்று கேட்டது. பானையில் சோறு கொதிக்கிற சத்தம். அலை விழுந்தபின் நீளமாக இரைந்துகொண்டு பரவுமே, பொடிக்குமிழிகளின் அந்த மெல்லிய சத்தம் மட்டும் இல்லை.

பெர்க்மான்ஸுக்கு முகம் செத்துவிட்டது. கடலைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மணி நாலரையைத் தாண்டியிருந்தது. கோபம் வந்தது. இதை முன்னாலேயே போட்டுக் காட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டே விட்டார்.

"அப்ப உங்ககிட்ட முழுசா ஒரு அலை இல்லையே சார்."

"அதுங்களை உள்ளே விட்டா இந்த அலையும் இல்ல மேடம். திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும், அதுக்குப் பதிவே இருக்காது. நீங்க கையெழுத்துப் போட்டா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. அனுப்பட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லிடுங்க."

உமையாள் பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, ஆய்வேட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார். பெர்க்மான்ஸ் அதைத் தொடவில்லை. ஸ்பீக்கரில் இன்னும் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு ஒரு போன் போடுங்க சார்," என்றார் உமையாள். "நீங்க எதுவும் பேச வேணாம். இந்தச் சத்தத்தை மட்டும் கேக்க விடுங்க. கடல்லேருந்தா கூப்பிடறீங்கன்னு அவங்க கேட்டா, உடனே அனுப்பிடுங்க."

பெர்க்மான்ஸ் போனைக் கையில் எடுத்தார். ஐந்து மணி ஆனபோதும் எண்ணை அழுத்தாமல் அது அவர் கையிலேயே இருந்தது.